புரட்டாசிச் சனிக்கிழமையில் பினாங்கு: ஐந்து பேருக்கு 300 வெள்ளியில் (மலேசிய ரிங்கிட்) இரண்டு நாள் சாப்பாடு முடியுமா?

கிள்ளான்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை விடியற்காலையில் கிள்ளானிலிருந்து காரில் புறப்பட்டு, நண்பகலுக்குள் பினாங்கை அடைந்து, ஓர் இரவு தங்கி, ஞாயிறு மாலை வீடு திரும்புவதாக இருக்கிறோம். நான், மனைவி, என் தாயார், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர். பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ் டவுனில் கொம்தார் கட்டடத்துக்கு அருகே ஒரு சிறிய விடுதியில் அறைக்குச் சொல்லியாகிவிட்டது. அறை வாடகை, பெட்ரோல், சாலைக் கட்டணம் எல்லாம் போகச் சாப்பாட்டுக்கென்று 300 வெள்ளியைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியச் சாப்பாடு, மாலைச் சிற்றுண்டி, இரவு உணவு, ஞாயிற்றுக்கிழமை காலைப் பசியாறல், மதியச் சாப்பாடு, புறப்படும் முன் ஏதேனும் ஒன்று என ஆறு வேளைகளை இத்தொகை தாங்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாயார் புரட்டாசி மாதம் முழுவதும் முட்டைகூடத் தொடாத சைவம். நாங்கள் நால்வரும் சனிக்கிழமைகளில் மட்டும் சைவம். ஆகவே முதல் நாள் ஐவருக்கும் சைவச் சாப்பாடு கிடைக்க வேண்டும். இரண்டாம் நாள் தாயாருக்கு மட்டும் சைவம் வேண்டும். மற்றவர்களைப் பற்றித் தெரியாது, நான் நாசி கண்டார் (பலவகைக் குழம்பும் கறியும் சேர்த்துத் தரும் சோறு) சாப்பிடாமல் தீவைவிட்டுப் பாலத்தைக் கடப்பதாக இல்லை.

இவ்வளவு கவலைப்படுவதற்கும் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு பினாங்கு சென்றபோது, கைப்பேசியில் கண்ட படங்களை நம்பி ஒரு கடற்கரைக் கடையில் அமர்ந்தோம். விலைப்பட்டியல் இல்லை; கேட்கவும் கூச்சம். நான்கு பேர் சாப்பிட்டு 180 வெள்ளி கொடுத்துவிட்டு, விடுதிக்குத் திரும்பும் வழியில் பசி அடங்காமல் பரோட்டா போன்ற ரொட்டி சானாயை ஆளுக்கொன்று வாங்கிச் சாப்பிட்டோம். அந்த அனுபவம் தாயார் முன்னிலையில் மறுபடி நேரக் கூடாது. எந்த வேளைக்கு எந்தப் பக்கம் போவது, எங்கெல்லாம் காசு கரையும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தஞ்சோங்காரர் எழுதியது:

கிள்ளான் தம்பிக்கு வணக்கம். இவ்வூரில் பிறந்து அறுபதைத் தாண்டியவன் என்ற உரிமையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐவருக்கு ஐந்து தட்டு கேட்கும் பழக்கத்தைக் கிள்ளானிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எங்கள் ஊர் அங்காடிக் கடைகளில் ஒரு தட்டு என்பது முழு வேளைச் சாப்பாடு அன்று. இரண்டு வேளைகளுக்கு நடுவே ஒரு நிறுத்தம். சார் குவே தியாவ், ஆசாம் லக்சா, மீ ரெபுஸ் என நூடல்ஸ் வகைகளில் எதுவானாலும் வெளியூர்க்காரர்கள் தட்டைப் பார்த்து “இவ்வளவுதானா?” என்று கேட்பார்கள். நாங்கள் இருவருக்கு ஒன்றாக வாங்கி, பாதிப் பசியோடு எழுந்து, அடுத்த கடைக்கு நடப்போம். அப்படி உண்பவர்களுக்காகத்தான் அந்த அளவே அமைந்திருக்கிறது. ஒரே மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரவழைத்தால் காசும் போகும், பிள்ளைகள் பாதியை மிச்சமும் வைப்பார்கள்.

இனி நீங்கள் ஆசைப்படும் நாசி கண்டார். இது நம்மவர் கண்ட உணவு. கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், காவடி சுமப்பதுபோல் தோளில் ஒரு கம்பை வைத்து, ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அந்தக் கம்பின் பெயர்தான் கண்டார். கேம்பல் தெருவில் 1907-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் ஹமீதியா உட்படப் பழைய கடைகள் பலவும் உங்கள் விடுதியிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கின்றன. கூலித் தொழிலாளியின் சாப்பாடாகப் பிறந்ததனால் இன்றைக்கும் அதைக் குறைந்த விலையில் சாப்பிட முடியும். ஆனால் சாப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கரண்டியோடு நிற்பவர் உங்கள் தட்டில் சோற்றைக் கொட்டிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒரு கணத்தில்தான் எல்லாமே முடிவாகிறது. வரிசையில் பின்னால் நிற்பவர்களின் அவசரம் நம்மையும் தொற்றிக்கொள்ள, விரல் தானாகவே கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் பொருளை நோக்கி நீளும். அது பெரும்பாலும் இறாலாகவோ, உள்ளங்கை அகலக் கணவாயாகவோ, மீன் சினையாகவோ இருக்கும். இவற்றுக்கு அன்றைய சந்தை விலையையும் துண்டின் அளவையும் பார்த்துத்தான் கணக்குச் சொல்வார்கள். கோழி ஒரு துண்டு, வெண்டைக்காய், அவித்த முட்டை என்று நிறுத்திக்கொண்டால் சென்ற மாதம் நான் கொடுத்தது 13 வெள்ளி. அதே கடையில் எனக்கு முன்னால் நின்றவர் சினை ஒன்றையும் இறால் இரண்டையும் சேர்த்துக்கொண்டு கிட்டத்தட்ட மூன்று மடங்கு கொடுத்தார். அவரை யாரும் ஏமாற்றவில்லை. அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். “அண்ணே, இந்தத் துண்டு எவ்வளவு?” என்று தமிழிலேயே கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் தமிழிலேயே பதில் வரும். விலையைக் காட்டி வைப்பது நம் நாட்டுச் சட்டப்படி கட்டாயம் என்பதால் கேட்பதில் கூச்சப்பட ஏதுமில்லை.

குழம்புக்குத் தனிக் காசு கிடையாது. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு, கறுத்த மசாலா என எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி கலந்து ஊற்றச் சொல்லுங்கள். சோறு மூழ்கும் அளவுக்கு வேண்டுமென்றால் “பஞ்சிர்” என்று ஒரு சொல் போதும். வெள்ளம் என்று பொருள். நாசி கண்டாரின் ருசி அந்தக் கலவையில்தான் இருக்கிறது, இறாலில் இல்லை. நூறு ஆண்டுகளாக ஏழைகள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

பிறைநிலா எழுதியது:

தம்பி, நான் அக்கரையில் பிறையில் இருப்பவள். வாரந்தோறும் ஜோர்ஜ் டவுனுக்கு வந்து போகிறேன். தஞ்சோங்கார ஐயா அசைவத்தைச் சொல்லிவிட்டதால் உங்கள் அம்மாவின் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மதியத்துக்கு வேறு எங்கும் தேடாமல் குவீன் தெரு, பசார் தெருப் பக்கம் உள்ள லிட்டில் இந்தியாவுக்கு நேரே வந்துவிடுங்கள். 1833-இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில் குவீன் தெருவில்தான் இருக்கிறது. அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் சில அடிகளில் சைவக் கடைகள். வாழையிலைச் சாப்பாட்டில் சோறு, சாம்பார், ரசம், மோர், இரண்டு மூன்று காய்கள், அப்பளம் எல்லாம் அடங்கும். சோறும் காயும் மறுபடி கேட்டால் வைப்பார்கள். ஆனால் நீங்கள் வருவது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை என்பதை மறக்க வேண்டாம். பகல் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை அந்தத் தெருவில் இலை கிடைப்பதே பெரும்பாடு. பதினொன்றரைக்குள் உட்காருங்கள், இல்லையேல் கோயிலில் நேரத்தைக் கழித்துவிட்டு இரண்டுக்குப் பிறகு போங்கள். சிறியவருக்குத் தனி இலை வேண்டாம்; “பிள்ளைகள் இருவரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பல கடைகளில் ஓர் இலையோடு விட்டுவிடுவார்கள். சொல்லாமல் உட்கார்ந்தால் ஐந்து இலை விரித்துவிடுவார்கள். விரித்த இலையைத் திருப்பி அனுப்ப நமக்கு மனம் வராது.

இரவுக்கு மறுபடியும் சோறும் சாம்பாரும் வேண்டாமென்றால் சீனர்களின் சைவக் கடைக்குப் போங்கள். இங்குள்ள பௌத்தச் சீனர்கள் பலர் தங்கள் மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவமாக இருப்பவர்கள். ஆகவே அத்தகைய கடைகள் இவ்வூரில் நிறைய. முப்பது, நாற்பது தட்டுகளில் கீரை, தவ்ஃபூ, கத்தரிக்காய், காளான் என அடுக்கி வைத்திருப்பார்கள். தட்டில் சோற்றை வாங்கி நாமே எடுத்து வைத்துக்கொண்டு காட்டினால் விலை சொல்வார்கள். பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்காத சமையல் என்பதால் அம்மாவுக்கு மனநிறைவாக இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: கோழி, மீன், ஆட்டிறைச்சி போன்றே உருவமும் நிறமும் கொண்ட போலி இறைச்சி அங்கே இருக்கும். சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்ததுதான் என்றாலும், முதன்முறை பார்ப்பவர்கள் திகைத்துவிடுவார்கள். சிலவற்றில் முட்டையும் சேர்ப்பதுண்டு. என் மாமியார் ஒருமுறை செதில் வரைந்த ஒரு “மீனைக்” கண்டுவிட்டு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. காய்கறித் தட்டுகளின் பக்கமே நின்றால் விலையும் குறைவு, குடும்பத்தில் அமைதியும் நிலைக்கும்.

இன்னொரு செய்தி. சீனர்களின் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள்கள் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா. சில ஆண்டுகளில் அது நம் புரட்டாசிக்குள்ளேயே வந்துவிடும். சில ஆண்டுகளில் ஐப்பசிக்குத் தள்ளிப்போகும். அந்த நாள்களில் பினாங்கில் சாலையோரமெங்கும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைக்கும். சீன நாள்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாள் ஒத்துவந்தால் சனிக்கிழமை இரவு உணவைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம். மற்ற நாளில் அசைவமாக விற்கும் நூடல்ஸ் வகைகளைக்கூட அன்று சைவமாகவே சுவைக்கலாம்.

ஞாயிறு காலையில் மற்றவர்கள் ரொட்டி சானாய் சாப்பிடும்போது அம்மாவுக்கும் ஒன்று கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சில கடைகளில் மாவிலேயே முட்டை சேர்த்துப் பிசைவார்கள். பருப்புக் குழம்பில் இறைச்சிக் குழம்பைக் கலந்து ஊற்றும் பழக்கமும் உண்டு. பூலாவ் தீக்குஸ் சந்தைப் பக்கம் காலையில் சிறிய மண்சட்டிகளில் அப்பம் சுட்டு விற்பார்கள். முட்டை சேர்க்காத தேங்காய்ப்பால் அப்பம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அது நகரின் நடுவிலிருந்து சற்றுத் தொலைவு என்பதால், காரில் போகும் ஒரே வேளையாக அதை வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே எழுதிய இருவரும் தட்டில் இருப்பதைப் பற்றிச் சொன்னார்கள். என் அனுபவத்தில் குடும்பத்தோடு போகிறவனின் பணம் தட்டில் கரைவதில்லை, கோப்பையில் கரைகிறது. ஒரு வேளைக்கு ஐவரும் ஆளுக்கொரு பானம் கேட்டால், பெரியவர்களுக்குத் தே தாரிக்கும் பிள்ளைகளுக்கு மைலோ ஐசும் சேர்த்துச் சராசரி 3 வெள்ளி என்று வைத்தாலும் 15 வெள்ளி. ஆறு வேளைக்கு 90. முந்நூறில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தண்ணீராகவே போய்விடுகிறது! தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் ரொட்டி சானாயின் விலையைவிட மைலோ ஐசின் விலை கூடுதலாக இருக்கும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை. நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு வெந்நீர் கேளுங்கள், சில காசுகளில் முடிந்துவிடும். இனிப்புப் பானத்தை நாளுக்கு ஒருமுறை தனி நிகழ்ச்சியாகவே வைத்துவிடுங்கள்.

ஆனால் சீனர் கோப்பிக்கடைகளில் இந்தச் சிக்கனம் செல்லாது. அங்கே மேசையும் நாற்காலியும் பானம் விற்பவருடையவை; உணவு விற்பவர்கள் அவருக்கு வாடகை கொடுத்து ஓரமாக வண்டி போட்டிருப்பவர்கள். ஆகவே உட்கார்ந்ததும் முதலில் வருபவர் பானம் கேட்கத்தான் வருவார். எதுவும் வேண்டாம் என்றால் சில கடைகளில் ஆளுக்கு இவ்வளவு காசு என்று கூடுதலாக வாங்குவார்கள். அதைச் சுவரிலும் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஐவருக்கு இரண்டு மூன்று பானமாவது சொல்லிவிடுவது மரியாதை. உணவுக்கான காசை ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் தட்டு வந்ததும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதால் சில்லறையோடு போங்கள்.

அடுத்தது, ஆர்மேனியன் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் பழைய கடைவீடுகளைப் புதுப்பித்து நடத்தும் சிற்றுண்டிக் கடைகள். 2008-இல் ஜோர்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு இவை பெருகிவிட்டன. சுவரோவியம் பார்க்கப் போய் வெயிலில் களைத்த குடும்பங்கள் குளிர்சாதனத்தை நாடி நுழைவது இங்கேதான். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஆறு விழுக்காடு சேவை வரியும் மேலே ஏறும் என்று பொருள். நூறு வெள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டால் 116 கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு வெயில் தாங்காவிட்டால் வெல்ட் கீ படகுத்துறைக்கும் கொம்தாருக்கும் இடையே சுற்றிவரும் இலவசப் பேருந்தில் ஏறி உட்காருங்கள். அதிலும் குளிர்சாதனம் உண்டு.

எல்லாரும் கர்னி டிரைவ் உணவங்காடி நிலையத்தைக் குறை சொல்வார்கள் என்பது தெரியும். என் கருத்து வேறு. பிள்ளைகளையும் முதியவரையும் அழைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பதைவிட, ஒரே இடத்தில் நூறு வகையைப் பார்த்து உட்கார்வதில் ஒரு வசதி இருக்கிறது. தட்டுக்கு ஓரிரு வெள்ளி கூடினாலும் கைப்பேசியில் அழைக்கும் மின்னழைப்பு வண்டிக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

கிள்ளான்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டே ஐயங்கள். ஞாயிறு மதியம் நாங்கள் நாசி கண்டார் சாப்பிடும் மேசையில் தாயார் எதுவும் உண்ணாமல் உட்கார்ந்திருப்பது சரியாக இருக்குமா, அல்லது அவருக்கு வெளியிலிருந்து பொட்டலம் வாங்கி வந்து அங்கேயே கொடுக்கலாமா? அடுத்து, பிள்ளைகள் இருவருக்கும் காரம் ஆகாது. மேலும், கர்னி டிரைவ் பற்றித் தஞ்சோங்கார ஐயா என்ன நினைக்கிறார் என்றும் அறிய விரும்புகிறேன்.

தஞ்சோங்காரர் எழுதியது:

தம்பி, மாமாக் கடைக்குள் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுபோக வேண்டாம். ஹலால் விதியைப் பேணும் கடை என்பதால் அது அவர்களுக்குச் சங்கடம். சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் தாயார் முன்னால் சினையையும் இறாலையும் வைத்துக்கொண்டு சாப்பிடுவது உங்களுக்குச் சங்கடம். அம்மாவுக்கு லிட்டில் இந்தியாவில் தோசையோ இட்டிலியோ முதலில் வாங்கிக் கொடுத்து, அவர் உண்டு முடித்த பிறகு நீங்கள் நாசி கண்டாருக்குப் போங்கள். அவருக்குத் துணையாக ஒருவர் இருந்து இருவரும் சௌராஸ்தா சந்தையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஜாதிக்காய் ஊறல், மாங்காய் ஊறல் என்று அங்கே பொழுது போய்விடும்.

பிள்ளைகளுக்குக் காரம் வேண்டாம் என்றால் கலந்து ஊற்றச் சொல்லாதீர்கள். பொரித்த கோழியும் சோயா கலந்த கறுப்புக் குழம்பும் போதும். ஒரு தட்டை இருவருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம்.

கர்னி டிரைவ் பற்றிக் கணக்குப்பிள்ளை சொன்னதில் பாதியை ஏற்கிறேன். உட்கார இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அந்த இடத்தைப் பிடிக்க ஒருவர் மேசையைக் காவல் காக்க வேண்டும், ஒருவர் ஒவ்வொரு கடையிலும் வரிசையில் நிற்க வேண்டும். குடும்பம் சேர்ந்து சாப்பிடுவது எங்கே? போதாக்குறைக்கு நீங்கள் போகும் நாளில் ஐவருமே சைவம். நூறு கடைகளில் தொண்ணூறு உங்களுக்கு ஆகாது. இறால் விழுதான பிளாச்சானும் பன்றிக் கொழுப்பும் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கேட்டுக் கேட்டே களைத்துப்போவீர்கள். போக வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஆனால் மாலையில்தான் அங்கே களைகட்டும், அதற்குள் நீங்கள் பாலத்தைக் கடந்திருப்பீர்கள்.

செண்டோல் சாப்பிடப் பினாங்கு சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்துக்குப் போவீர்கள் என்று எண்ணுகிறேன், எல்லாரும் போகிறார்கள். பக்கத்துக் கடைக்குள் நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு உணவும் வாங்க வேண்டியிருக்கும். வண்டியருகே நின்றபடி கிண்ணத்தைக் கையில் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சை நிறச் சேவை, சிவப்பு அவரை, அரைத்த ஐஸ், இவ்வளவுதான். சனிக்கிழமையிலும் தாராளமாகச் சாப்பிடலாம்.

கிள்ளான்வாசி எழுதியது:

நேற்றிரவு பதினொரு மணிக்கு வீடு சேர்ந்தோம். கணக்கை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை வழியில் நெரிசல் இருந்தும் பதினொன்றே முக்காலுக்கு லிட்டில் இந்தியாவில் இருந்தோம். பிறைநிலா அக்கா சொன்னபடியே நான்கு இலை, பிள்ளைகளுக்கு ஓர் இலை பொது. ஓர் இலைக்கு 11 வெள்ளி. வெந்நீரோடு சேர்த்து 46 வெள்ளி 50 காசு. நாங்கள் எழுந்தபோது வாசலில் வரிசை சாலை வரை நின்றது. தாயாருக்கு ரசம் பிடித்துப்போய் மூன்று முறை வாங்கிக் குடித்தார். பரிமாறிய அம்மா நான்காம் முறை கேட்காமலேயே கிண்ணத்தோடு வந்து நின்றார். மாலையில் செண்டோல் இரண்டு கிண்ணம், ஒரு கடையில் ஜாதிக்காய்ச் சாறு ஒரு குவளை, மொத்தம் 13 வெள்ளி 50 காசு. மூத்தவன் ஜாதிக்காய்ச் சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டு, இது மருந்து என்று தங்கையிடம் தள்ளிவிட்டான். முழுக் குவளையையும் தாயார்தான் முடித்தார்.

நாள்காட்டி எங்கள் பக்கம் இருந்தது. இரவு விடுதியைவிட்டு வெளியே வந்ததும் தெருமுனையில் மஞ்சள் கொடிகள் தெரிந்தன. ஒரு கடையில் கலப்புச் சோறு, அடுத்ததில் சைவ மீ, பொரித்த வாழைப்பழம் எனப் பானங்களையும் சேர்த்து 46 வெள்ளிக்கு ஐவரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். போலி வாத்து ஒன்று முழு உருவத்தோடு தலையும் கழுத்துமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் மாமியார் கதையைக் காரிலேயே சொல்லியிருந்ததனால் தாயார் சிரித்துவிட்டுக் கடந்தார்.

ஞாயிறு காலையில் பூலாவ் தீக்குஸில் தாயாருக்கு அப்பம் 4 வெள்ளிக்கு வாங்கினோம். சட்டியின் ஓரத்தை அகப்பையால் சுரண்டி, மெல்லிய விளிம்பு ஒடியாமல் மடித்து, தாளில் வைத்துக் கொடுத்தார் சுட்டவர். அவரிடம் தாயார் பூர்விகம் விசாரிக்க ஆரம்பித்து, பின்னால் நின்றவர்கள் இருமும் வரை பேசினார். மற்ற நால்வருக்கும் ரொட்டி சானாயும் பானங்களும் 26 வெள்ளி. மைலோவை அன்றைக்கு ஒருமுறை என்று காலையிலேயே கொடுத்துவிட்டதால் பிறகு பேச்சு எழவில்லை.

தவறு செய்தது நான்தான். மதியம் தாயாருக்குத் தோசை வாங்கிக் கொடுத்தோம், 6 வெள்ளி. அவரையும் பெரியவனையும் சௌராஸ்தா சந்தையில் விட்டுவிட்டு, நானும் மனைவியும் மகளும் நாசி கண்டார் வரிசையில் நின்றோம். விலை கேட்க வேண்டும் என்று தஞ்சோங்கார ஐயா அத்தனை விரிவாக எழுதியிருந்தார். வரிசை முழுவதும் அதையே மனத்துக்குள் சொல்லிக்கொண்டும் வந்தேன். என் முறை வந்ததும் கரண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கை தானாக மீன் சினையைக் காட்டியது, அடுத்து கணவாயைக் காட்டியது. வாயிலிருந்து “பஞ்சிர்” என்ற சொல் மட்டுமே வந்தது. என் தட்டு 34 வெள்ளி. மனைவி நிதானமாகக் கோழித் துண்டைக் காட்டி, “இது எவ்வளவு அண்ணே?” என்று கேட்டு வாங்கினார், அவருடையது 14. மகளுக்கு வாங்கி, பாதியை மகனுக்கென்று பொட்டலம் கட்டியது 13. பானம் 10. சாப்பிட்டு முடிக்கும் வரை மனைவி ஒன்றும் சொல்லவில்லை. முடித்த பிறகு, கணவாய் நன்றாக இருந்ததா என்று மட்டும் கேட்டார். மிக நன்றாக இருந்தது.

புறப்படும் முன் ஒரு தட்டு பசெம்போரும் (காய்கறியும் பொரித்த பலகாரமும் கலந்தது) ஒரு கிண்ணம் ஆசாம் லக்சாவும் வாங்கி நானும் மனைவியும் பகிர்ந்துகொண்டோம், 19 வெள்ளி. கோப்பிக்கடை மேசை என்பதால் இரண்டு பானம், 6 வெள்ளி. ஆக மொத்தம் 238 வெள்ளி. என் கை நீளாமல் இருந்திருந்தால் இன்னும் 20 குறைந்திருக்கும்.

மீந்த 62 வெள்ளியைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்றிருந்தேன். ஆனால் நாங்கள் நாசி கண்டார் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தாயார் சௌராஸ்தாவில் ஜாதிக்காய் ஊறல், மாங்காய் ஊறல், தவ் சார் பியா பலகாரப் பெட்டி இரண்டு என்று 58 வெள்ளிக்கு வாங்கி, என்னிடம் காசு கேட்பதற்காகப் பெரியவனை வாசலில் நிறுத்தியிருந்தார். இதைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவதா, வேறு கணக்கில் எழுதுவதா என்று மனைவிக்கும் எனக்கும் இன்னும் முடிவாகவில்லை. கணக்குப்பிள்ளை ஐயா தீர்த்து வைக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அம்மா வாங்கியது அம்மா கணக்கு. உங்கள் கணவாயைத்தான் எந்தத் தலைப்பில் எழுதுவதென்று எனக்கும் தெரியவில்லை.